தண்ணீர் நிற்காத இடம்

புரட்டாசி 14, திங்கள்

காலையில் தூறல். துணி காயாது. முட்டி வலி, இடது பக்கம் மட்டும்.

மகள் கலா போனில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் எழுத்தாக விழுகிறது. இன்னொரு பொத்தானை அமுக்கினால் அதுவே படித்துக் காட்டுகிறது, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் தெரியும், காலண்டரில் தேதி தெரியும். எழுபத்தெட்டு வயது வரை அது போதுமாக இருந்தது. இது யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல.

பத்து மணிக்கு மைதானம். இனி ஸ்டேடியம் என்று சொல்லவேண்டுமாம். முப்பத்திநாலு வருஷம் அங்கே மாலியாக, புல்லும் செடியும் பார்க்கிற தோட்டக்காரனாக இருந்தவன், எனக்கு அது மைதானம்தான். நித்யா வரச் சொல்லியிருந்தாள். ஸ்டேடியத்தைச் சுற்றி மரம், புல், நடைபாதை எது எங்கே வரும் என்று வரைகிற பெண். போன சித்திரையில் என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தாள். "மழை பேஞ்சா எங்க தண்ணி நிக்கும், எங்க நிக்காது, அது மட்டும் சொல்லுங்க தாத்தா. மிஷின் சொல்றதை விட நீங்க சொல்றது சரியா இருக்கும்" என்றாள். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எல்லாம் சொன்னேன்.

இன்று ஒரு மேஜை மேல் ஸ்டேடியம் முழுக்கச் சின்னதாக. வெள்ளை அட்டையில் கூரை. பச்சைப் பஞ்சில் மரங்கள். விரல் உயரத்துக்கு மனிதர்கள்கூட. வடக்கு வாசலில் ஒரு வட்டம், நடுவில் ஒரே ஒரு பெரிய மரம், சுற்றிலும் உட்காரக் கல் திண்டு.

"இது உங்க இடம் தாத்தா. இங்க எந்த மழைக்கும் தண்ணி நின்னதே இல்லைன்னு சொன்னீங்கல்ல? கிழக்கு கேட்ல இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தைப் பேத்து இங்க நடப்போறோம். வேர் அழுகாது."

சொன்னேன்தான். உண்மையும் அதுதான். அங்கே தண்ணீர் நிற்காது.

டீ கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புரட்டாசி 15, செவ்வாய்

வெயில். கலா வேலைக்குப் போனபிறகு பேசுகிறேன்.

அங்கே ஏன் தண்ணீர் நிற்காது என்றால் கீழே கிணறு இருக்கிறது.

சொல்லிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

ஆறடி அகலக் கிணறு. குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத அந்த வருஷம் நாலு தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். ஒருநாள்கூட வற்றவில்லை. பிறகு ஒரு பெரிய பந்தயம் வந்தது. கிளப் செக்ரெட்டரி வந்து, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மூன்று நாளில் தூர்த்துவிடு என்றார். நானும், மைதானத்தில் கட்டட வேலை பார்த்த காதர் மேஸ்திரியும்தான் ஆள். மண் லாரி வந்தது. முதல் கூடையைக் காதர் தூக்கினார், கிணற்றுக்குள் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். "முடியாது தணி. குடிச்ச தண்ணி." என்னைத் தணி என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் முடியவில்லை.

கிளப் கட்டடத்தின் பின்கட்டை இடித்த கருங்கல் பலகைகள் கிடந்தன. எட்டடி நீளம். ஏழு கல்லைக் குறுக்கே போட்டு மூடினோம். இடுக்கில் ஜல்லி. மேலே மூன்றடி மண், அதற்கு மேல் புல். லாரி மண்ணைத் தெற்குப் பள்ளத்தில் பரப்பினோம்.

மூடுகிற கிணற்றுக்கு மூச்சுக்கு ஒரு குழாய் வைக்கவேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. காதருக்கு அதில் நம்பிக்கை உண்டோ இல்லையோ, வைக்கவேண்டும் என்று அவரும் சொன்னார். ஆளுயர இரும்புக் குழாய். செக்ரெட்டரி வந்து பார்த்தார். "குழாய் வெச்சுட்டீங்களா, அப்ப ஒழுங்கா தூத்துட்டீங்க" என்று போனார். குழாயைப் பார்த்தே நம்பிவிட்டார்.

யாருக்கும் சொல்வதில்லை என்று காதர் கையில் நான் அடித்தேன், என் கையில் அவர் அடித்தார்.

கல்லிடுக்கு வழியாக மண் இறங்கும். ஒவ்வொரு ஐப்பசியிலும் இரண்டு கூடை மண் கொட்டிப் புல் நட்டு மட்டமாக்குவேன். வேலையை விட்டு இருபது வருஷம். அதற்கப்புறம் யார் கொட்டினார்கள்?

மரக்குழி ஆறடி ஆழமாம். ஜேசிபி அதன் மேல்தான் ஏறி நிற்கும்.

புரட்டாசி 16, புதன்

மீர்சாகிப்பேட்டை, காதர் வீடு. மாடிப்படி பதினெட்டு. கண் ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணில் கட்டு.

"இன்னா தணி, வழி தப்பி வந்துட்டியா?"

சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறின டீயை.

"நீ இன்னா பேசற? அதைத்தான் தூத்துட்டோமே. லாரி மண்ணு நாலு நடை. மறந்துட்டியா? வயசாயிப்போச்சு உனக்கு."

"எனக்கா? நான் மறந்து நீ பாத்துகீறியா பாய்?"

"தூத்துட்டோம் தணி."

சன்னலைப் பார்த்துச் சொன்னார். மறந்தவன் நாலு நடை என்று எண்ணிச் சொல்ல மாட்டான்.

பிறகுதான் வெளியே வந்தது. அவர் மகன் ரஃபீக் அந்த ஸ்டேடியத்தில் கல் பதிக்கிற வேலையில் இருக்கிறான். பழைய கட்டடம் கட்டின காதர் மேஸ்திரியின் மகன் என்றுதான் சேர்த்தார்களாம். "ரெண்டு வருஷமா வீட்ல குந்திக்கினு இருந்தான். அப்பன் பேரை வெச்சு ஏறினவன். அந்தப் பேரை நீ ஏன்..." முடிக்கவில்லை.

கிளம்பும்போது அவர் மனைவி ஒரு டப்பாவில் சேமியா கொடுத்தார். கலாவுக்கு. டப்பா திருப்பிக் கொடுக்கணும்.

புரட்டாசி 17, வியாழன்

புழுக்கம். மந்தைவெளியில் பஸ் ஏற முக்கால் மணி நேரம்.

மைதானத்தில் முதலில் குழாயைத் தேடினேன். இல்லை. இடம் சுத்தம் பண்ணின ஆட்கள் அடியோடு அறுத்திருக்கிறார்கள். பழைய இரும்புக் குவியலில் கிடந்தது. கட்டடம் இடித்த செம்மண்ணும் செங்கல்லும் எல்லாப் பக்கமும் பரப்பிக் கிடக்கிறது. புல் இல்லை. என்னையும் காதரையும் தவிர யாருக்கும் இடம் தெரியாது. சுண்ணாம்பில் வட்டம் போட்டிருக்கிறார்கள், அச்சாகக் கிணற்றுக்கு மேலேயே.

சைட் இன்ஜினியர் சின்ன வயசு, கையில் எப்போதும் ஹெல்மெட், தலையில் இல்லை. நேராகச் சொல்ல வாய் வரவில்லை. "சார், இங்க முன்ன ஒரு கிணறு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் பெருசு. எல்லாத்துக்கும் பேப்பர் கீது." கம்ப்யூட்டரில் தட்டிக் காட்டினான். பழுப்பேறின தாள், போட்டோ எடுத்து வைத்தது. படித்தான். வடக்குப் புறக் கிணறு முழுவதும் மண் நிரப்பித் தூர்க்கப்பட்டது, மாலி சாட்சி.

கீழே ஒரு கட்டை விரல் ரேகை. நடுவில் குறுக்கே கோடு. புல் வெட்டும் கத்தி கிழித்த தழும்பு.

என் விரலை மடக்கிக்கொண்டேன். அன்றைக்குச் செக்ரெட்டரி ஒரு தாளை நீட்டினார், நான் வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வைத்திருப்பேன்.

"சரிங்க சார்" என்று வந்துவிட்டேன். கோழை.

புரட்டாசி 18, வெள்ளி

எங்கும் போகவில்லை. ரசம் சாதம். இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன்.

புரட்டாசி 19, சனி

மூன்றாம் சனி. பெருமாள் கோயில், தளிகை, கலாவோடு. வடை தீர்ந்துவிட்டது, கூட்டம்.

மத்தியானம் நித்யாவே போன் செய்தாள், சந்தோஷமாக. மரத்தைப் பேர்த்தாகிவிட்டதாம், வேரைச் சாக்குப் போட்டுக் கட்டியாகிவிட்டதாம். திங்கட்கிழமை காலையில் குழி. "வந்து பாருங்க தாத்தா. திண்டு கட்டற ஆளுங்களும் அன்னைக்கே ஆரம்பிக்கிறாங்க. ரஃபீக்னு ஒருத்தர், ரொம்ப சுத்தமான வேலை."

கோயில் மதில் ஓரமாகப் போய் நின்று எல்லாம் சொன்னேன். ஏழு கல், மூன்றடி மண், ரேகை. காதர் பெயரைச் சொல்லவில்லை.

 

"ஏன் தாத்தா அந்த இடத்தை எனக்குக் காட்டினீங்க?"

"தண்ணி நிக்காத இடம்தானேம்மா கேட்டே."

"அது ஏன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

சொல்லியிருக்கலாம். அழுகிறாளோ என்று தோன்றியது. அது கோபம். இன்ஜினியரிடம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

சாயந்திரம் மறுபடி. அவன் கேட்கவில்லை. ஒரு கிழவன் பேச்சுக்கு வேலையை நிறுத்த முடியாதாம், மழை வருகிறதாம், பேர்த்த மரம் தாங்காதாம். பேப்பர் இருக்கிறதாம்.

என் பேச்சை வெல்வதற்கு என் விரலே போதும் அவர்களுக்கு.

புரட்டாசி 21, திங்கள்

ஆறு மணிக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் தெரிந்தவர். அவர் நாற்காலியை வாங்கிச் சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளி ஓரத்தில், ஜேசிபி வருகிற வழியை மறித்துப் போட்டுக்கொண்டேன். உள்ளே போடத் தைரியம் இல்லை.

ஜேசிபி வந்தது. டிரைவர் தலையை நீட்டினான். "இன்னா நைனா, சேர் போட்டு குந்திக்கினு கீற? மேச்சு இன்னும் ஆரம்பிக்கலையே!" வேலைக்காரப் பெண்கள் எல்லாம் சிரிப்பு.

"கீழ கிணறு கீதுப்பா. ஏறாதே."

சிரிப்பு நின்றது. அவன் இன்ஜினை அணைத்துவிட்டான். அவனுக்கு நல்ல புத்தி.

இன்ஜினியர் ஓடி வந்தான். நித்யா பின்னால். ரஃபீக்கும் ஆட்களும் கல்லோடு வட்டத்துக்குள் நின்றார்கள்.

"எழுந்திரு பெருசு. அந்த ரேகை உன்னுதுதானே? தூத்தாச்சுன்னு வெச்சியா இல்லையா?"

"வெச்சேன்."

"இப்ப தூர்க்கலைன்ற. பொய் சொன்னது அப்பவா, இப்பவா?"

"அப்ப சார்."

இவ்வளவு பேர் முன்னால் சொல்வேன் என்று நினைத்ததில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடப்பாரை கொடுங்கள், ஒரே குத்து என்றேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கிழவனைத் தூக்கி வெளியே விடு என்றான்.

அப்போதுதான் ஆட்டோ. காதர் இறங்கினார், ஒரு கண்ணில் கட்டோடு. இன்று வட்டத்தில் வேலை என்று ரஃபீக் வீட்டில் சொல்லியிருப்பான். யாரையும் பார்க்கவில்லை. பழைய வாசல் தூண் ஒன்று மட்டும் இடிக்காமல் நிற்கிறது. அதில் முதுகை ஒட்டி நின்று, அங்கிருந்து காலடி எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்தொன்று. என் நாற்காலி பக்கத்தில் நின்றார்.

ரஃபீக், "அத்தா, நீங்க ஏன் வந்தீங்க? நேத்துதான கண்ணுல மருந்து..."

"வட்டத்தை விட்டு வெளிய வாடா மொதல்ல. நீ நிக்கிறது மண்ணு மேல இல்ல, என் வேலை மேல."

ரஃபீக் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வெளியே வந்தான். யாரையும் கேட்காமல் கடப்பாரையை எடுத்து ஓரத்திலிருந்து குத்தினான். ஐந்தாம் குத்தில் கல் சத்தம். எல்லோருக்கும் கேட்டது.

தள்ளி நின்று கையாலேயே தோண்டினார்கள். பத்தரை மணிக்குக் கல் தெரிந்தது. மூன்றாவது கல் நடுவில் விரிசல் விட்டுக் கிடந்தது. டிரைவர் பார்த்தான், தூரப் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். மூன்று குச்சி வீணானது.

ஒரு கல்லை மட்டும் சங்கிலி போட்டு நகர்த்தினார்கள். நித்யா குப்புறப் படுத்து டார்ச் அடித்தாள். பதினைந்தடியில் தண்ணீர். வாளி விட்டு எடுத்தான் ரஃபீக். காதர் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார்.

"உப்பேறிப்போச்சு தணி" என்றார்.

நானும் வைத்துப் பார்த்தேன். ஆமாம். 

புரட்டாசி 22, செவ்வாய்

காலை முதல் மழை. நிஜ மழை.

இன்ஜினியர் ஜீப் அனுப்பிக் கூப்பிட்டான். ஒரு தாள். நடந்ததெல்லாம் எழுதி, நான் ஒப்புக்கொள்கிறேன் என்று ரேகை வேண்டுமாம். மை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டான்.

"படிச்சுக் காட்டும்மா" என்றேன் நித்யாவிடம். அவன் முகம் சுருங்கியது. அவள் படித்தாள், நிதானமாக. பாதியில் காதர் மேஸ்திரி என்று வந்தது.

"அதை எடுத்துடச் சொல்லு. நான் மட்டும்தான்."

"எட்டடி கல்லை ஒத்த ஆளா தூக்கினியா பெருசு?" என்றான்.

"அப்ப வயசு."

முறைத்தான். அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தான். அடித்த இடத்தை அவளிடம் இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். பிறகு வைத்தேன். தழும்பு நன்றாகவே விழுந்தது.

கிணற்றை என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். கான்கிரீட் ஊற்றி அடைப்பதுதான் சுலபம் என்றான். நித்யா, மரத்தைத் தள்ளி நட்டுவிட்டு மழைத்தண்ணீரை அதில் இறக்குகிற மாதிரி வரைந்து கொடுத்திருக்கிறாளாம். மேலிடம் சொல்லணுமாம். என்னைப் பார்த்துப் பேசினாள், ஆனால் தாத்தா என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் காதர் போன். ரஃபீக் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கத்தல்.

"என் பேரை எடுக்கச் சொன்னியாமே. யாரைக் கேட்டு எடுத்த? ஏழு கல்லுல நாலு நான் தூக்கினது!"

"மூணு பாய்."

"நாலு! மூணாவது கல்லுல உன் விரல் நசுங்கி நீ ஓரமா குந்திக்கினே. அடுத்ததை நானும் லாரிக்காரனும்..."

அது உண்மை. லாரிக்காரனை நான் மறந்தே போயிருந்தேன். இத்தனை வருஷமும் அவனுக்கும் தெரியும்.

மழை வலுக்கிறது. நேற்று கல் நகர்த்தின இடத்தை மூடவில்லை, மேலே ஒரு தகரம்தான். வட்டத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று வாட்ச்மேனைக் கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

சொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லையாம்.