அனலிசிஸ், மூன்றாந் தடவை

2025 ஆகஸ்ட் 11, பண்டத்தரிப்பு

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். விடுமுறையில் வந்திருக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். விடுமுறைதான். ஆனால் ஜேர்மனியில், கணிதப் பட்டப்படிப்பின் முதல் வருடத்திலேயே, அனலிசிஸ் என்ற பாடத்தில் இரண்டு தடவை தவறிவிட்டேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒக்டோபர் ஏழாந் திகதி மூன்றாந் தடவை, வாய்மூலச் சோதனை. அதிலும் தவறினால் அந்நாட்டில் இனிக் கணிதம் படிக்க முடியாது. படிப்பு இல்லையென்றால் விசாவும் இல்லை.

ஆகஸ்ட் 17

நல்லூர்த் திருவிழாவுக்குப் போனோம். அம்மா கண்ட ஆட்களுக்கெல்லாம், எங்கடை கீர்த்திகா ஜேர்மனியிலை கணிதம் செய்யிறாள் என்று சொன்னா. முகம் நோகும்வரை சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 18

படிக்கவில்லை.

ஆகஸ்ட் 26

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

காலையிலிருந்து கரண்ட் இல்லை. குறிப்புகள் எல்லாம் சார்ஜ் இறங்கிப்போன மடிக்கணினிக்குள். வெறுந்தாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், நினைவில் நின்ற ஒரு கணக்கை எழுதினேன்.

ஒருவர் நடக்கிறார். முதலில் ஒரு முழு அடி. பிறகு அரை அடி, பிறகு மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று... அடி சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமலே போகிறது. எங்கோ ஓரிடத்தைத் தாண்டமாட்டார் என்றுதானே தோன்றும்? இல்லை. எந்தத் தூரத்தையும் தாண்டிவிடுவார். இதன் நிறுவலை இரண்டு சோதனைகளுக்கும் ஜேர்மன் மொழியில் காற்புள்ளிகூட விடாமல் பாடமாக்கியிருந்தேன். கேள்வியைச் சற்று மாற்றிப் போட்டார்கள். விழுந்தேன்.

இன்று நானே கூட்டினேன். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு அடிகள் சேர்ந்தாலும் அரைக்கு மேல். அடுத்த எட்டு, அரைக்கு மேல். அடுத்த பதினாறு —

கை நின்றுவிட்டது. இந்த அரைகள் முடியவே போவதில்லை. நான் தவறியபோதும் இது இப்படியேதான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 27

இன்னும் அதே நினைப்பு. இன்னொருவர் ஒவ்வோர் அடியையும் முந்தியதில் பாதியாக வைத்தால், காலம் முழுக்க நடந்தாலும் இரண்டு முழு அடி தூரத்தைத் தாண்டமாட்டார். இரண்டு பேரின் அடியும் சுருங்கத்தான் செய்கிறது. ஒருவர் வாசற்படியிலேயே நிற்கிறார், மற்றவருக்கு எல்லையே இல்லை. மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன். அம்மா ஏசினா.

செப்டெம்பர் 4

சொல்லிப்போட்டன். அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன்.

தோட்டத்தில் அப்பா கத்தரிக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறி விட்டுக்கொண்டிருந்தார். வரம்பில் உட்கார்ந்துகொண்டு, சும்மா கதையாக அந்த நடையைச் சொன்னேன். அப்படி நடந்தால் கீரிமலைக் கடற்கரைக்குப் போகலாமோ என்று கேட்டார். சந்திரனுக்கே போகலாம் என்றேன். ஆனால் இருபது முழு அடி தூரத்தைத் தாண்டவே இருபத்தேழு கோடிக்கு மேல் அடி வைக்கவேண்டும். ஒரு செக்கனுக்கு ஓர் அடி, இரவு பகலாக நடந்தாலும் எட்டு வருடத்துக்கு மேல் பிடிக்கும்.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அப்ப ஒருத்தரும் கீரிமலைக்கு நடந்து பாக்கேல்லை. பாக்கவும் ஏலாது. பிறகெப்பிடி நிச்சயமாச் சொல்லுறாய்?"

ஓம், அதுதானே! ஒருத்தரும் போகாத இடம், போகவும் ஏலாத இடம், ஆனாலும் தெரியும். மண்ணில் எழுதி எழுதிக் காட்டினேன். அப்பா குந்தியிருந்து பார்த்தார். பக்கத்து வாய்க்கால் உடைந்து தண்ணீர் வீணே ஓடியதை இருவரும் கவனிக்கவில்லை.

"இதைத்தானே அங்கை சோதினையிலை எழுதினனி?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடைந்திருந்த வாய்க்காலை மண் போட்டு அடைத்தார். பிறகு,

"இவ்வளவு நாளும் தனியக் காவிக்கொண்டு திரிஞ்சனியே, பிள்ளை" என்றார்.

செப்டெம்பர் 5

அப்பா அம்மாவுக்குச் சொல்லியிருக்கவேண்டும். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழும்பி வந்தபோது சாப்பாட்டு மேசையை வேப்பமர நிழலுக்குள் இழுத்துப் போட்டு, என் தாள்களை அதில் அடுக்கி வைத்திருந்தா.

செப்டெம்பர் 19

ஒரு நாளைக்கு ஒரு நிறுவல். மிகவும் மெதுவாகத்தான் போகிறது. சிலவற்றை ஐந்தாறு தரம் பார்த்தும் பிடிபடவில்லை. பிடிபட்டவை போகமாட்டா.

செப்டெம்பர் 28

நாளைக்குப் பயணம். பயமா? ஓம். பயம்தான்.

ஒக்டோபர் 7, லைப்சிக்

முதற் கேள்வியிலேயே தடுமாறினேன். இரண்டாவது, நான் பார்த்தேயிராத ஒரு தொடர். முன்பென்றால் பேசாமல் இருந்திருப்பேன். "இது எனக்குத் தெரியாது, யோசிக்கலாமா?" என்று கேட்டேன். பேராசிரியை கரும்பலகையில் எழுதச் சோக்கட்டியை நீட்டினார். பாதித் தூரம் தனியாகப் போனேன், மிச்சத்துக்கு அவர் கைகொடுத்தார்.

நான்கு என்று போட்டார்கள். வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"நாலெண்டால் கூடின புள்ளியோ?" அப்பா கேட்டார்.

"இல்லையப்பா. இங்கை ஒண்டுதான் கூட. நாலுதான் கடைசிப் பாஸ், அஞ்செண்டால் பெயில்."

அவர் அம்மாவைக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

ஒக்டோபர் 20

அனலிசிஸ் இரண்டாம் பகுதி, முதல் விரிவுரை. இருபது நிமிடம் விளங்கியது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட விளங்கவில்லை. எல்லோரும் எழும்பிப் போன பின்னும், கரும்பலகையை அழிக்க ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.