வால்வு மூடியில் உன் சிவப்புப் பொட்டு

என் தங்கமான மகள் புஸ்பராணிக்கு,

நேற்று நெல் மில்லில் நின்றவர்கள்: முதலாளி வேலுப்பிள்ளை, ஏறாவூரிலிருந்து எஞ்சின் திருத்த வந்த, எல்லோருக்கும் அண்ணன் மாதிரியான றகீம் காக்கா, மில்லில் வேலை செய்யும் என் தம்பி, உன் மாமன் தங்கராசா, உன் மகள் தர்சினி, நான். நீ மட்டும்தான் இல்லை.

எஞ்சினின் இரண்டாம் சிலிண்டரில் புகை போகிற வால்வு மறுபடி எரிந்துவிட்டது. வயல் வட்டையில் அறுத்த நெல் மூட்டை மூட்டையாக வந்து கிடக்கிறது. நீ திருத்திப் பார்த்து வந்த அந்த எஞ்சின் நிற்கும்போதெல்லாம், நீ கண்ணை மூடிய பிறகும், "பொம்பிளை கை வைச்ச எஞ்சின்" என்றுதான் ஊரில் பேச்சு. இந்த முறை யார் சொல்கிறார்கள் பார்ப்போம் என்றுதான் போய் நின்றேன்.

றகீம் காக்கா வால்வைக் கழற்றிக் காட்டினார். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கருகி அரித்திருந்தது, ரொட்டியைக் கல்லில் சுற்றாமல் ஒரே இடத்தில் வைத்துச் சுட்ட மாதிரி.

அடுப்படியில் நீ சொன்னது அப்படியே காதில் கேட்டது. "வால்வு மேல கீழ போனா மட்டும் காணாது அம்மா. கொஞ்சம் கொஞ்சமாச் சுத்தவும் வேணும். அப்பதான் சூடு எல்லாப் பக்கமும் பரவும், கரியும் துடைபடும்." சில எஞ்சினில், வால்வை மேலிருந்து அடிக்கிற இரும்புக் கை நடுவை விட்டு விலகி அடிப்பதாலேயே வால்வு சுற்றுமாம். இதில் ஸ்பிரிங்கின் மேல் உள்ள சுற்று மூடிதான் சுற்ற வைக்குமாம். அந்த மூடியில் நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸால் பொட்டு வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பொட்டு நகர்கிறதா என்று பார்ப்பாய். ஆம்பிளைகள் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயர் எல்லாம் என்னிடம் இருக்கிறது.

முதல் சிலிண்டரின் மூடியில் உன் பொட்டு மங்கலாக இன்னும் இருந்தது, மகள். அந்த வால்வுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவதில் கிடந்தது சுற்றாத வெறும் மூடி.

யார் மாற்றியது என்று காக்கா கேட்டார். தங்கராசா நிலத்தைப் பார்த்தான்.

"புஸ்பம் பூட்டினது, முதல் தரம் வால்வு எரிய முந்தியே உடைஞ்சு போச்சு. கிடந்த ஒண்டைப் போட்டன். சும்மா ஒரு மூடிதானே அக்கா."

சும்மா மூடியா? அந்த முதல் தரம் வால்வு எரிந்ததற்கு உன் வேலைதான் காரணம் என்று முதலாளி உன்னை எல்லோர் முன்னும் ஏசி அனுப்பிய அன்று இவனும் பக்கத்தில்தானே நின்றான்? ஒரு வார்த்தை சொன்னானா?

காக்கா புதுச் சுற்று மூடி பூட்டினார். தர்சினி தன் கியூட்டெக்ஸால் பொட்டு வைத்தாள். எஞ்சின் ஓட, பொட்டு மெல்ல மெல்லச் சுற்றி வந்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, "பிள்ளையில பிழையில்ல" என்றார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். கேட்டதுதான். அவர் உரத்துத் திரும்பச் சொன்னார்.

அதனால் அவரை விட்டுவிட்டேன். சிரித்தவர்களையும் ஒவ்வொருவராக விடலாம். இனி அந்த எஞ்சினைப் பற்றி யார் பேசினாலும் உன் பெயரை மரியாதையோடு சொல்ல வைப்பேன், இது சத்தியம்.

உன்னைப் பெற்ற அம்மா,
இனிமேல் தங்கராசாவுக்கு அக்கா இல்லாதவள்.