உன் பெயரில் வந்த இரண்டு அறிக்கைகள்

பழைய பிளாப்பிகளுக்கு ஒரு வாசனை உண்டு என்பது எனக்குத் தெரியாது. பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக்கும் பூஞ்சையும் கலந்த, பூட்டிக் கிடந்த பீரோவின் வாசனை. உள்ளே இரண்டு பிளாப்பிகள். ஒன்றின் மேல் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் உன் கையெழுத்து: "சாவி, எல்லாருக்கும்." இன்னொன்றில் என் கையெழுத்து: "சென்னை மெயில்."

இப்போதைய கணினிகளில் இதைச் செருக வாய் கிடையாது. தனியாக ஒரு கருவி வாங்கி மாட்டினேன். செத்த நேரம் கரகரவென்று இழுத்துவிட்டு, நீ அனுப்பிய அறிக்கையும் அதற்குத் தனியாக நீ போட்ட கையொப்பமும் திரையில் வந்து நின்றன. அவற்றைச் சரிபார்க்க இன்று ஓர் இணையப் பக்கமே போதும். பெயர் கேட்பதில்லை, பதிவு செய்யச் சொல்வதில்லை. நாம் போடுகிற கோப்பு எங்கும் போகாது, கணக்கு முழுவதும் நம் கணினிக்குள்ளேயே நடக்கும் என்று அதில் எழுதியிருந்தது. நிருபர் புத்தி நம்பவிடவில்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டு அறிக்கையையும் கையொப்பத்தையும் உன் சாவியையும் போட்டேன். அப்போதும் வேலை செய்தது. பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. இந்தக் கையொப்பம் செல்லும்; இந்தச் சாவிக்கு உரியவர் போட்டது; போட்ட பிறகு அறிக்கையில் எதுவும் மாறவில்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

எண்பதுகளில் உன்னை நேரில் பார்த்ததைவிடத் தொலைபேசியில் கேட்டதுதான் அதிகம். நீ ராஜபாளையத்தில் மில் தொழிலாளர் சங்கச் செயலாளர், அதே மில்லில் எலக்ட்ரீஷியன். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், மதுரையிலிருந்து வருகிற ஒரு சிறிய பத்திரிகைக்கு நிருபர். ஒருநாள் மாலை போன் அடித்தது. எடுத்தால் நீ. மில்லைக் காலவரையின்றி மூடிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறாய். நான் எழுதிக்கொண்டே நிமிர்ந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறவனும் நீதான். ரிசீவரை உன் காதில் வைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "ஏலே, என்னைய விட நல்லாப் பேசுதான்லே இவன். இவனையே செயலாளராப் போட்டிரலாம்."

சிரித்து முடித்த பிறகு பயம் வந்தது. நீ அன்று வராமல் இருந்திருந்தால் காலையில் அது செய்தி. அதனால் நமக்குள் ஒரு வழக்கம் வந்தது. நீ பேசினால் முதலில் அந்த வாரத்துக் காய்கறியைச் சொல்ல வேண்டும். காய் சரியென்றால் நீ, இல்லையென்றால் வேறு யாரோ. சில வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒருநாள் நீ "கத்திரிக்கா" என்றதும், நமக்கு லைன் போட்டுக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் குரல் நடுவில் வந்தது: "அண்ணே, கத்திரிக்கா போன வாரத்தோட முடிஞ்சு போச்சு. இந்த வாரம் பொடலங்கான்னுல்லா சொன்னீய?"

பத்து வருடம் கழித்து, சங்கத்துக்கு யாரோ கொடுத்த பழைய கணினியின் முன்னால் என்னை உட்கார வைத்து நீ அதைத்தான் நினைவூட்டினாய். கணினி இதழோடு வந்த ஒரு குறுந்தட்டில் கையொப்பம் போடும் ஒரு நிரலைக் கண்டுபிடித்திருந்தாய். "பொடலங்காய நீயும் காப்பாத்தணும், நானும் காப்பாத்தணும். நடுவுல அந்தம்மா வேற. இதுல அந்தத் தொல்லையே இல்ல. ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட மட்டும். இன்னொண்ண ஊருக்கே குடுத்திரலாம். நான் என் சாவியால கையெழுத்துப் போட்டா, ஊர்ல எவன் வேணும்னாலும் அந்தச் சாவிய வச்சு நான் போட்டதுதானான்னு பாத்துக்கிடலாம். ஆனா என்னைய மாதிரி ஒருத்தனும் போட முடியாது."

"போன்ல பேசுனானே அவன்?"

"அவன் அப்பன் வந்தாலும் முடியாது, நிருபரே."

அந்த "எல்லாருக்கும்" சாவியைப் பிளாப்பியில் போட்டு, எனக்கு ஒன்று தந்தாய். இன்னொன்றை எங்கள் பத்திரிகையின் மதுரை அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டு வந்தாய். செய்தி ஆசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சீல் மாதிரியா?" என்றார். "சீல எவன் வேணும்னாலும் கடையில குடுத்து வெட்டிக்கிடலாம் சார்" என்றாய். அவருக்கு அது பிடித்திருந்தது. கணினிப் பிரிவில் கொடுத்து நிரலையும் ஏற்றி வைக்கச் சொன்னார். திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவிலில் பஸ் நின்ற இடத்தில் எனக்கும் சேர்த்துக் கடலை வாங்கினாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் பார்த்தது குறைவு.

தொண்ணூறுகளின் கடைசியில் வேலைநிறுத்தம் வந்தது. கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தொழிலாளர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. பேச்சுவார்த்தைக்கு நீ சென்னைக்குப் போயிருந்த அன்று மதியம், ராஜபாளையம் முழுக்கத் துண்டறிக்கை பறந்தது. சமரசம் ஆகிவிட்டது, நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு அனைவரும் திரும்பவும். வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கீழே சங்கத்தின் சீல். அதன் மேல் உன் கையெழுத்து, பழைய நோட்டீஸ் ஒன்றிலிருந்து எடுத்தது.

உன்னைத் தொலைபேசியில் பிடிக்கவே மாலையாகிவிட்டது. நான் துண்டறிக்கையை வாசித்துக் காட்டினேன்; இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாய். பிறகு, "எவன்லே அடிச்சான் அத? நான் இன்னும் லேபர் ஆபீஸ் வாசல்லதான நிக்கேன். உள்ளயே கூப்பிடலையே" என்றாய்.

"இப்ப பஸ் ஏறினாலும் ஷிப்டுக்கு வந்து சேர மாட்டே. மறுப்பு எழுது."

"கையெழுத்துப் போட்டே அனுப்புதேன். பேப்பர்ல அந்தச் செய்திய நிறுத்தச் சொல்லு. காலைல ஒருத்தன் உள்ள போயிட்டாலும் வெளிய நிக்கிறவன் கதி முடிஞ்சுதுய்யா."

பக்கத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழில் அடித்து, கூடவே கொண்டுபோயிருந்த பிளாப்பியில் இருந்த நிரலாலும் உன் சாவியாலும் கையொப்பம் போட்டு, அறிக்கையை ஒரு கோப்பாகவும் கையொப்பத்தை ஒரு கோப்பாகவும் அலுவலகத்துக்கு அனுப்பினாய். எனக்கும் ஒரு பிரதி. இங்கே அதைச் சரிபார்க்கும் நிரல் கிடையாது; நான் பிளாப்பியில் எடுத்து மட்டும் வைத்தேன். பிறகு செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. நிதானமாகப் பேசினார்.

"துண்டறிக்கையில சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு. மில் ஆபீஸும் ஆமாங்கிறாங்க. இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"நானே அவர்கிட்டப் பேசினேன் சார். அவர் குரல் எனக்குத் தெரியும்."

"நீங்க அவருக்கு ஃப்ரெண்டு. அதனால உங்க வார்த்தையை நான் எடுக்க முடியாது. தப்பா நினைக்காதீங்க. அவர் குடுத்த டிஸ்க் இருக்கே, போட்டுப் பார்க்கச் சொல்றேன். அது சரின்னு சொன்னா முதல் பக்கத்துல மறுப்புப் போடறேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்காகத்தானே நீ அதைக் கொடுத்தாய். தென்மாவட்டப் பதிப்பு முடிகிற நேரத்தில் அவரே கூப்பிட்டார். "கையொப்பம் பொருந்தலைன்னு வருது. ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாச்சு. யாரோ மாத்தியிருக்காங்க, இல்லேன்னா அவர் அனுப்பினதே இல்ல." சென்னையில் உன்னைப் போய்ப் பார்க்க எங்கள் பத்திரிகைக்கு ஆள் கிடையாது. நீ நின்ற பூத் நம்பரை அடித்தேன். பஸ் ஏறிப் போய்விட்டாய் என்றார்கள்.

காலையில் வேலைநிறுத்தம் வாபஸ் என்று பத்திரிகை வந்தது. மில் சங்கு ஊதியது. கேட்டுக்கு எதிரே நின்றிருந்தேன். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கூட்டமாக உள்ளே போனார்கள். கையில் பத்திரிகையோடு சிலர் போனார்கள். ஓடிப்போய் மறிக்கலாம். என்னவென்று சொல்லி மறிப்பது? என் பத்திரிகைதான் அது.

நீ வந்து இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. நேராக கேட்டுக்கு வந்தாய். வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவரான முத்தையா உன் சட்டையைப் பிடித்தார்.

"எம்புட்டுக்குலே வித்த எங்கள?"

"நான் எழுதலைய்யா."

"பேப்பர்லயே வந்திருக்கு. பேப்பர்க்காரனும் உங்கூடதான நிக்கான். கேளு அவன!"

நீ என்னைப் பார்த்தாய். அவர் எழுதவில்லை என்று நான் சத்தமாகத்தான் சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் உன் மறுப்பு உள்பக்கத்தில் சிறியதாக வந்தது. துண்டறிக்கையைத் தாம் வெளியிடவில்லை என்று செயலாளர் கூறுகிறார். எங்கள் தொழிலில் "கூறுகிறார்" என்றால், நாங்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம். வெளியே நின்றவர்களை மில் எடுக்கவே இல்லை. சங்கத்தையும் மில்லையும் விட்டுவிட்டு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்தாய். ஒரே ஒருமுறை, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "கணக்கு தப்பாதுய்யா. நடுவுல எவனோ கை வச்சிருக்கான். எவன்னுதான் தெரியல." பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நான் எடுத்தபோதும், "விடு, டீ ஆறுது" என்றாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று முத்தையா வந்திருந்தார். மயானத்துக்கு வெளியே என் பக்கத்தில் நின்று, "நல்ல மனுசன் சார். அந்த ஒண்ணத் தவிர" என்றார். அந்தச் சொல்தான் பிஸ்கட் டப்பாவைத் தேட வைத்தது.

பச்சை வரி வந்த பிறகு, மதுரை அலுவலகத்தில் அப்போது கணினிப் பிரிவில் வேலை பார்த்து, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட ஒருவரைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். வெளியூரிலிருந்து தமிழில் வருகிறதை அன்று என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வந்த உடனே நம்ம ஃபான்ட்டுக்கு மாத்திருவோம் சார். அப்பல்லாம் ஊருக்கு ஒரு ஃபான்ட்டு. மாத்தலேன்னா திரையில கட்டம் கட்டமா வரும், படிக்கவே முடியாது. எதுவானாலும் மாத்தின பிறகுதான் அடுத்த வேலை."

"சரிபார்க்கறதும்?"

"மாத்தின பிறகுதான் சார். படிக்க முடியாததை எப்படிச் சரிபார்க்கிறது?"

தவறு எங்கே என்று அவரிடம் சொல்லாமல் போனை வைத்தேன். அவருக்கு வயதாகிவிட்டது. கண்ணுக்கு ஒரே அறிக்கைதான். ஆனால் கணினிக்கு உள்ளே ஒவ்வோர் எழுத்துக்கும் இருந்த எண் மாறிவிட்டது. கையொப்பம் பார்ப்பது அந்த எண்களைத்தான்; மாறிவிட்டது என்று உன் சாவி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நடுவில் கை வைத்தவன் என்று ஓர் எதிரியைத் தேடினாய். அப்படி யாரும் இல்லை. எல்லாரும் அன்றாடம் செய்கிற வேலையை அன்றும் ஒழுங்காகச் செய்தார்கள்.

கோப்புகளைப் போனில் ஏற்றி, அதே பக்கத்தைத் திறந்து உன் மனைவியிடம் காட்டினேன். பச்சை வரியைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குண்ணே இது? அவிய எழுதலன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றார்கள். பிறகு, அது அணைந்து போகாமல் இருக்குமா என்று கேட்டார்கள்.

முத்தையா இப்போது பழைய பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கடை வைத்திருக்கும் மகனோடு இருக்கிறார். அவரிடமும் போனேன். இரண்டு சாவி, கையொப்பம், எழுத்து மாறியது எல்லாவற்றையும் என்னால் முடிந்தவரை சொன்னேன். போனை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர்தான சொல்லுது?"

"ஆமா."

"அன்னைக்கு இல்லன்னு சொன்னதும் கம்ப்யூட்டர்தான சார்?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கிண்டல் இல்லை அவர் முகத்தில். மகனிடம் ஒரு டீ போடச் சொன்னார். "அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா சொன்னதையே நான் கேக்கல. இப்ப இது சொல்லி என்ன செய்யப் போறேன்? மில்லும் இல்ல, கேட்டும் இல்ல, அவரும் இல்ல. டீ குடிங்க சார்."

குடித்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். செல்லும் என்றது. போனில் சிக்னல் இல்லாத இடத்திலும் செல்லும் என்றது. அந்த வரி, மறுப்பு உன்னுடையது என்று மட்டும்தான் சொல்லும். துண்டறிக்கை யாருடையது என்று அதற்குத் தெரியாது. என் பத்திரிகையும் நின்றுவிட்டது. திருத்தம் போட ஒரு பக்கம் இல்லை. அதனால் இந்த மடலில் எழுதுகிறேன், அன்று என்னால் எழுத முடியாமல் போன விதத்தில், "கூறுகிறார்" இல்லாமல்.

அந்தத் துண்டறிக்கையை நீ வெளியிடவில்லை.