சிவப்புக் கம்பி எந்த ஊர்க்காரன்?

7-6-1954, திங்கள்
பெருநாள் முடிந்து இன்றுதான் ஷெட்டுக்குப் போனேன். அமெரிக்கக் கப்பலிலிருந்து ரிப்பேருக்கு வந்த பம்பில் 'கிரவுண்டு' என்று போட்டிருக்கிறது. நாம் சொல்லும் எர்த்துதான். பெரம்பூர் ரயில்வேக்காரர்கள் 'பாடி' என்கிறார்கள். கரண்டு கசிந்தால் மண்ணுக்குக் கொண்டுபோகிற ஒரே கம்பி, ஆளுக்கு ஒரு பேரா?

ஃபிட்டர் மண்ணாங்கட்டி சிரித்தான். "பேசாம என் பேரை வச்சிடு பாய். மண்ணுதானே?" அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். "இந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட எமனே வெக்கப்படுவான்னு ஆயா வச்சிது."

9-6-54
ஜெர்மன் டிரில் ஒன்று வந்திருக்கிறது. ஒயரில் சிவப்பு, கறுப்பு, சாம்பல். பச்சை இல்லை. பச்சை இல்லாமல் எர்த்து எது? மேஸ்திரி ஞானதுரையிடம் கேட்டேன்.

"சேப்பு கரண்டு, கறுப்பு நூட்ரல், மிச்சம் இருக்கிறது எர்த்து. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ரோசனை?"

அப்படியே பிளக் மாட்டினேன். மனசு மட்டும் ஒட்டவில்லை.

10-6-54
யா அல்லாஹ்.

காலையில் சுவிட்சைப் போட்டேன். டிரில் ஓடவில்லை. மண்ணாங்கட்டி, "இன்னா, தூங்குதா?" என்று எடுக்கக் கை நீட்டினான். ஓடவில்லை என்றால் கம்பி எங்கோ மாறியிருக்கிறது — "தொடாதடா!" என்று கத்திவிட்டேன். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை டிரில் உடம்பிலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தேன். பளீரென்று எரிந்தது.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினேன். சிவப்புக் கம்பியை டிரில் உடம்போடு திருகி வைத்திருக்கிறான் ஜெர்மன்காரன்! அவன் ஊரில் எர்த்துக்குச் சிவப்பு. இங்கே உயிரை எடுக்கிற நிறம் அங்கே காப்பாற்றுகிற நிறமா? எவன் முதலில் பேரும் நிறமும் வைத்தானோ, அவனைக் கேட்க வேண்டும்.

என் கையாலேயே மண்ணாங்கட்டியைக் கொன்றிருப்பேனே.

11-6-54
கம்பியைச் சரியாக மாற்றிவிட்டேன். டிரில் நன்றாக ஓடுகிறது. மண்ணாங்கட்டி தொட மாட்டேன் என்கிறான். "நீ போட்டதாச்சேன்னு நம்பித்தானே பாய் கை நீட்டினேன்."

மேஸ்திரி திட்டியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

12-6-54
செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் நின்று, அவன் கண்ணெதிரே டிரில்லைப் பிடித்து இரும்பில் ஓட்டை போட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தான். தொடவில்லை. என்னதான் செய்யட்டும்?

13-6-54
ஞாயிறு. எங்கும் போகவில்லை.

21-6-54
எந்த ஊர் என்றே தெரியாத காற்று ஊதுகிற மிஷின் ஒன்று வந்தது. நான் போவதற்குள் மண்ணாங்கட்டி மூடியைத் திறந்து வைத்திருந்தான்.

"நிறத்தைப் பாக்காதே பாய். மிஷின் பாடியில எது மாட்டிகினு கீதுன்னு பாரு. பாத்து மாட்டிட்டு நீ சொல்லு, அப்பால நான் தொடறேன்."

பார்த்து மாட்டினேன். சொன்னேன். தொட்டான்.