ஒரே பெயரில் இரண்டு குழாய்கள்

என் உயிரான அக்காவுக்கு,

உன் மகன் கல்யாணத்தை நிறுத்தியது நான்தான். நீ உயிரோடு இருந்திருந்தால் என் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருப்பாய். உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் நடக்கச் சொல்கிறது இந்தப் பாழும் மனசு.

உன் மூத்தவனை நினைத்துத்தானே செய்தேன்? ஓயாமல் ரத்தம் ஏற்றியும் ஏழு வயதைத் தாண்டவில்லையே அவன். நீயும் மச்சானும் சொந்தத்துக்குள் கட்டியவர்கள். இருவர் ரத்தத்திலும் ஒரே பழுது. இளையவனுக்கும் அது இருக்கிறது, ஆனால் அவனை ஒன்றும் செய்யாது. கட்டப்போகிறவளுக்கும் இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. அவளோ ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியண்ணன் மகள், நம் ரத்தம். சோதிக்காமல் விடுவேனா?

மதுரை லேபில் என் வேலையே அதுதான். ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பழுதுள்ள துண்டை மட்டும் பெருக்கி, ஜெல் பாளத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, சாயமேற்றி, புற ஊதா விளக்கில் வைத்துப் பார்ப்போம். பழுது இருந்தால் அதற்குரிய இடத்தில் ஆரஞ்சு நிறக் கோடு ஒளிரும். பெரியண்ணன் மகளுக்கு ஒளிர்ந்தது என்று சொன்னேன். தாம்பூலம் மாற்றிய கல்யாணம் நின்றது.

மூன்று மாதம் கழித்து லேப் நோட்டைப் புரட்டியபோது பகீரென்றது. அன்று கூட வந்த சின்னண்ணன் மகளும் ரத்தம் கொடுத்தாளே! இருவருக்கும் நம் அம்மா பெயர். மாமியார் பெயரை அண்ணிமார் வாயால் சொல்ல மாட்டார்கள், அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவர்கள் பெரியவ, சின்னவதான். நானோ இரண்டு குழாயிலும் ‘ரா. வேலம்மாள்’ என்று எழுதியிருக்கிறேன். ராமர் மகளும் ரா, ராஜன் மகளும் ரா. பாவி, ஒரு நம்பர் போட்டேனா?

மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டினேன். பெரியவளுக்குக் கோடே இல்லை. சின்னவளுக்குத்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் பிடித்து ஓடினேன். “ஏட்டி, தப்பு என்னுதுதான். உனக்கு ஒண்ணுமே இல்ல. அடுத்த முகூர்த்தத்துலயே வச்சிரலாம்” என்று பெரியவள் கையைப் பிடித்தேன்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“உங்க மேல கோவமில்ல அத்தை. சீக்குக்காரின்னு தெருவே பேசுச்சு. ராஜபாளையத்துல இருந்து இங்க வர என்ன அம்புட்டுத் தூரமா? அத்தான் ஒரு எட்டு வந்து, எப்படி இருக்கேன்னு கேட்டாகளா? எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.”

ஏன் போகவில்லை என்று உன் மகனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு செருப்பைப் பார்க்கிறான்.

பெரியண்ணன் அவளை மிரட்டிப் பார்க்கிறார். நீ பேசி முடித்த சம்பந்தம், உன் கடைசி ஆசை, எல்லாம் தெரியும். ஆனாலும் நான் அவள் பக்கம்தான் நிற்பேன். சின்னவளிடமும் அது சீக்கு இல்லை என்று நானே போய் உட்கார்ந்து விளக்குவேன். உன் மகனுக்காக இனி எந்த வாசலிலும் பெண் கேட்க மாட்டேன் அக்கா. வேண்டுமென்றால் அவனே போய் அவள் முன்னால் நிற்கட்டும். இது சத்தியம்.

முதன்முதலாக உன் பேச்சைத் தட்டும்,
உன் தங்கச்சி