நான் பார்க்காமல் விட்ட கன்னம்

என் அருமை அக்கா,

அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருடி இவ?" என்று நீ கேட்டபோது, நீதான் என்று நான் சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்துப் போட்டேன் என்றேன்.

"மூக்கும் முழியுமா நல்லாத்தான் கீறா. எந்தக் கடை காலண்டரு?"

"காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக்கடை."

"குடு, நா எடுத்துக்கினு போறேன். வூட்ல மாட்டி வெச்சா உங்க மாமா இவளப் பாத்துக்கினே சத்தமில்லாம சோறு துன்னுவாரு."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். படத்தைச் சுருட்டிக்கொண்டு மாகறலுக்குப் பஸ் ஏறினாய். மூன்று வாரத்தில் மஞ்சள் காமாலை என்று ஆள் வந்தது. நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது உனக்குப் பேச்சு இல்லை; விடியும்போது நீயும் இல்லை.

அந்தப் படத்தில் உன் நெற்றி, உன் மூக்கு, நீ கொண்டை போடுகிற விதம் எல்லாம் இருந்தன. அம்மைத் தழும்புகள் மட்டும் இல்லை. அன்பு என்று நினைத்துத்தான் விட்டேன். உனக்கே உன்னைத் தெரியாமல் போனபோதுதான் அது என்ன அன்பு என்று எனக்குச் சுருக்கென்றது.

இந்த ஒரு வருஷத்தில் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? சில மாதங்கள் பிரஷ்ஷையே தொடவில்லை. பிறகு டிராயிங் லோயர் கிரேடு பரீட்சை எழுதிப் பாஸ் செய்தேன். நம் ஊர் நூலகத்தில் ஓவியம் பற்றி இருந்ததே நாலைந்து புத்தகங்கள்; அவற்றை இரண்டு முறை படித்தேன். ஆனால் புத்தகத்தைவிடக் கோயில் சுவர்தான் அதிகம் காட்டியது. கல்வெட்டு எழுத்துகளை நடுப்பகலில் பார்த்தால் வெறும் கல். நான்கு மணிக்கு வெயில் சாய்ந்ததும் ஒவ்வோர் எழுத்தும் எழுந்து நிற்கிறது. பள்ளம் என்பது கறுப்புப் புள்ளி இல்லை, அக்கா. ஒரு கரையில் நிழல், எதிர்க்கரையில் வெளிச்சம். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலமே போயிற்று.

யாருக்காகக் கற்றேன் என்று உனக்குத் தெரியும்.

வருஷம் முடியப்போகிறது, உன்னைப் பூவாடைக்காரியாக உட்கார வைத்து, புதுப்புடவையும் பூவும் வைத்துப் படைக்க வேண்டும் என்று மாமா வந்து சொன்னார். சுமங்கலியாகப் போனவளுக்கு நம் பக்கத்தில் செய்வதுதானே. வைத்துக் கும்பிட உன் போட்டோ ஒன்றுகூட இல்லை. ஸ்டூடியோ பக்கமே நீ போனதில்லை. "சின்னவதான் படம் போடுவாளே" என்றார் மாமா.

அம்மா உடனே சொன்னாள்: "தழும்பில்லாம போடு. சாமியா ஒக்கார வெச்சிக் கும்பிடப் போறோம். சாமி மூஞ்சில இன்னாத்துக்குடி தழும்பு?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தழும்போடு போடலாம் என்று உட்கார்ந்தால் கை நின்றுவிட்டது. எந்தக் கன்னத்தில் அதிகம்? புருவத்துக்கு மேலேயா, கீழேயா? இத்தனை வருஷம் உன்னோடு ஒரே பாயில் படுத்தவள் நான். உன் மனம் நோகக்கூடாதென்று, பேசும்போதெல்லாம் உன் கண்ணை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறேன். உன் முகம் எனக்குத் தெரியாது!

அம்மாவிடம் கேட்டேன். அவள் முறத்தில் புடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ராவும் பகலும் வேப்பிலைய வெச்சிக்கினு ஒக்காந்து எறக்கினேன். நீ மறுபடியும் ஏத்தி வெக்கப் போறியா?"

வெறும் தாளைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

படையலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா உன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உன் புடவைகளை அம்மா பார்க்க வேண்டுமென்று. அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே அந்தப் படம் இருந்தது. நான் வழவழவென்று தீட்டிய கன்னங்களில் யாரோ கண் மையைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்திருந்தார்கள். உன் வீட்டில் மை வைத்துக்கொள்பவள் நீ ஒருத்திதான்.

அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள்.

"மாத்தி வெச்சிகீறா பாரு" என்றாள் கடைசியில். "கொத்தா கீறது இந்தக் கன்னத்துல இல்ல. அந்தாண்ட. இங்க ரெண்டே ரெண்டு. புருவத்து மேல இருந்ததும் அந்தாண்டதான்." சொல்லச் சொல்ல என் முகத்தையே விரலால் தொட்டுக் காட்டினாள். வேண்டாம் என்றவள், ஒன்றையும் விடவில்லை.

இடமும் வலமும் முழுக்க மாறியிருந்தன. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, அதில் எந்தப் பக்கம் தெரிந்ததோ அதே பக்கம் படத்தில் வைத்திருக்கிறாய். தங்கள் முகத்தை முதன்முதலாக வரைகிறவர்கள் செய்கிற தவறு அது.

அப்படியானால் அது யாரென்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது? இங்கேயே தெரிந்துதான் எந்தக் கடை காலண்டர் என்று கேலி செய்தாயா? மையைக் கோபத்தோடு வைத்தாயா, விளையாட்டாகவா? என்னிடம் காட்டத்தான் பெட்டியில் வைத்திருந்தாயா?

நான்கு மணி வெயிலில் உன்னை வரைந்தேன், அம்மாவின் விரல் தொட்ட இடங்களில். படையலன்று மாகறலில் அம்மாதான் படத்துக்குக் குங்குமம் வைத்தாள். கன்னத்தைத் தடவப் போன கையைப் பாதியில் எடுத்துக்கொண்டாள். "இன்னா, இப்பவே வாயத் தொறந்து திட்டுவா போல கீது" என்றார் மாமா.

அடுத்த வருஷம் ஹையர் கிரேடு எழுதுவேன். பிறகு மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்கு மனுப் போடுவேன். அதற்கு முன்னால் அம்மாவை வரைய வேண்டும். கேட்டதற்கு, "எனக்கு இன்னாத்துக்குடி, நா இன்னும் சாவலியே" என்கிறாள். விடமாட்டேன். உயிரோடு இருக்கிறவர்களை, அவர்கள் எதிரிலேயே, உள்ளது உள்ளபடி பார்த்து வரைவேன். யாரென்று கேட்டால் நீதான் என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

புதுப் படம் உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நீ மை வைத்தது என்னிடம் இருக்கிறது. அதில் நான் எதையும் திருத்தவில்லை.

உன் முகத்தைப் பிந்திப் பார்த்த
உன் தங்கை