யார் பக்கத்து வியாதி

அத்தான்,

நம் பாப்பாவுக்குப் புதிதாக வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரைப் புட்டியை இன்று திறந்தேன். அந்தக் கவிச்சி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் உங்கள் ஆபீஸ் பைக்குள் இதே மாத்திரையைக் கண்டுபிடித்து, எதற்கென்று கேட்டேன். "மூட்டு வலிக்கு" என்றீர்கள். இருபத்தெட்டு வயதில் என்ன மூட்டு வலி? நான் நம்பவில்லை.

எதைத்தான் நம்பினேன்? பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவீர்கள். சாயங்காலம் சினிமாவுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பீர்கள். சர்ச்சுக்குள்கூடக் கறுப்புக் கண்ணாடி. ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷனில் உங்கள் தோளோரம் வந்து நின்றேன். என்னைக் கவனிக்காமலே நடந்து போனீர்கள். வேறு யாரையோ தேடுகிறீர்கள் என்று முடிவுகட்டி, வீட்டுக்கு வந்து உங்கள் சட்டையை முகர்ந்து பார்த்தவள் நான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் நீங்களே சொன்னீர்கள். கண்ணுக்குள் பின்பக்கம் ஒரு மெல்லிய திரை. அதில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. மங்கலில் பார்க்க உதவுபவை முதலில். பேப்பரைக் குழலாகச் சுருட்டி என் கண்ணில் வைத்து, "இவ்ளோதான் எனக்குத் தெரியுது" என்றீர்கள். செத்த செல்லுக்கு வைத்தியமில்லை. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடியும் மாத்திரையும். நான் அழவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?" என்றுதான் கேட்டேன்.

"இருட்டினா மங்கும்னு தெரியும். வியாதின்னு தெரியாது" என்றீர்கள். அதையும் நான் நம்பவில்லை.

பாப்பா ஒன்பது வயதில், விளக்குப் போடும் நேரத்தில் முக்காலியில் இடித்துக்கொண்டு விழுந்தாள். பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரியில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்து, "எங்க பக்கத்து வியாதிதானாம்" என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் கண்மூடும்வரை, பாப்பாவின் காதுபடவே உங்கள் வம்சத்தைக் கரித்துக் கொட்டினேன். நீங்கள் என் சொந்த அத்தை மகன் என்பது அந்த ஆத்திரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

போன வாரம் அதே டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போனேன். அவள் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வெளியே காத்திருந்தாள்.

"சொந்தத்துல கட்டினவங்கதானே நீங்க? இந்த வகை ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் பிள்ளைக்கு வராதும்மா. உங்களுக்குள்ளயும் அது ஒளிஞ்சிருக்கு, உங்க கண்ணைத்தான் ஒண்ணும் பண்ணல. உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே விளக்கமா சொன்னேனே" என்றார்.

ஆக, தெரிந்தேதான் இத்தனை வருஷம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். என்மேல் இருந்த பாசமா? இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் எதையோ மறைத்ததற்கு நீங்களே போட்டுக்கொண்ட தண்டனையா? இன்னமும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் நெஞ்சு வலிக்கிறது, அத்தான். ஒரு தடவையாவது என்னைத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

திரும்பும்போது ரயிலில் பாப்பா கேட்டாள், "டாக்டர் என்ன சொன்னார்? அப்பா பக்கத்து வியாதிதானே?" அவள் குரலில் என் பழைய கசப்பு அப்படியே இருந்தது.

"இல்லடி. என் பக்கத்துலேர்ந்து வந்தது" என்றேன். அன்று "எங்க பக்கத்து வியாதி" என்று நீங்கள் சொன்ன அளவுக்கு அதுவும் உண்மைதான்.

கழுத்தை முழுக்கத் திருப்பி, என் முகத்தைத் தேடிப் பிடித்து உற்றுப் பார்த்தாள். "அப்பாவைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றியா?" என்றாள்.

வியாதியில்தான் எனக்குப் பாதிப் பங்கு, அத்தான். இந்தச் சந்தேகப் புத்தி முழுசும் என் பக்கத்தது.